வெந்நீர் வழக்கு

திருச்செந்தூரில் வீட்டுக்கு கீசர் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் என்னைப் பார்ப்பார், அப்புறம் வெயிலைப் பார்ப்பார். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரையில் மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த தண்ணீர் வரும். கால் கழுவப் போனவர் துள்ளிக்கொண்டு திரும்புவார். போதாததற்கு வடக்கே தூத்துக்குடியில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் கொண்ட அனல் மின் நிலையம். தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகளுக்கு இன்னொன்று. இந்த மாவட்டத்தில் சூடு போதவில்லை என்று எவரும் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இவற்றுக்கு நடுவே என் பங்குக்கு 2,000 வாட்.

காரணம் என் சகலை. கோயம்புத்தூர்க்காரர்.

திருச்செந்தூரில் சொந்த வீடு என்பது பத்திரத்தில்தான் நம் பெயரில் இருக்கும். அனுபவ பாத்தியதை முழுக்கச் சொந்தக்காரர்களுக்கு. ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, வைகாசி விசாகம், கந்த சஷ்டி, இவை போக பெண் அமைந்தால் ஒரு தடவை, பிள்ளைக்கு மொட்டை போட ஒரு தடவை, வேலை கிடைத்ததற்கு ஒரு தடவை. வருகிறவர்கள் முதலில் கடலில் குளிப்பார்கள். அப்புறம் நாழிக்கிணற்றில் குளிப்பார்கள். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் எப்படி ஊறுகிறது என்று வியந்தபடியே வீட்டுக்கு வந்து, மூன்றாவது தடவையாக என் குளியலறையில் குளிப்பார்கள். முருகனுக்கு இரண்டு குளியல் போதும், சகலைக்குப் போதாது.

“என்னங்ணா, சுடுதண்ணி வெக்கலீங்களா?” என்றார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அடுப்பில் அண்டா ஏற்றினோம். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. “எங்கூட்ல மாடியில சோலாரு போட்டுட்டமுங்க. திருகுனா சுடுதண்ணி தானுங்” என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட அடுத்த சஷ்டிக்குள் மறந்திருப்பேன். இது மரியாதையாகச் சொல்லப்பட்டது. மறுவாரமே ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகப் பஸ் பிடித்து, தூத்துக்குடியில் 25 லிட்டர் கீசர் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், “யாருக்கும் மேலுக்குச் சரியில்லையோ?” என்று விசாரித்தார்.

கீசருக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது பின்னால், காகிதப் போர் தொடங்கிய பிறகு. உள்ளே ஒரு டேங்க், அதைச் சுற்றிச் சூடு வெளியேறாமல் நுரைப் பஞ்சு, தண்ணீரைச் சுட வைக்க ஒரு காயில், போதும் நிறுத்து என்று சொல்ல ஒரு தெர்மோஸ்டாட். 25 லிட்டரை நம் ஊர்க் குளிர்ச்சியிலிருந்து குளிக்கிற பதத்துக்கும் கொஞ்சம் மேலே கொண்டுவர ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரம், அரை மணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம். இதுவரை யாருக்கும் புரியும். யாருக்கும் புரியாத உறுப்பு ஒன்று டேங்குக்குள் தொங்கும்: மெக்னீசியக் கம்பி. பார்த்தால் ஒரு வேலையும் செய்யாதது போலத்தான் இருக்கும். உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீர் டேங்கின் இரும்பை அரிக்க வரும்போது, முதலில் இந்தக் கம்பி தன்னைத் தின்னக் கொடுக்கும். அது கரைகிற வரை டேங்குக்கு ஆயுசு கெட்டி. எங்கள் குளியலறைக்கு வருவது போர்த் தண்ணீர். உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சோப்பு நுரைப்பதற்கே முகூர்த்தம் பார்க்கும்.

2022 சஷ்டி சமயத்தில் காயில் போய்விட்டது. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் அன்பாகப் பேசியது. நகரத்திலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றது. சூரசம்ஹாரத்துக்கு அதைவிடக் குறைவான நாள்களே இருந்தன. சகலை ரயில் ஏறியாயிற்று. ஆகவே உள்ளூர் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். மோட்டார், மிக்சி, கிரைண்டர், சீரியல் செட், கோயில் கொடைக்கு மைக் செட் என்று எதையும் தொடத் தயங்காதவர்.

கழற்றினார். சுண்ணாம்பு படிந்த காயிலை வெளியே எடுத்து, அதைப் பெற்ற தகப்பன்போல என்னை ஒரு பார்வை பார்த்தார். புதுக் காயில் மாட்டினார். தரையில் மிச்சமாக ஒரு கம்பி கிடந்தது. பாதி கரைந்து, வெள்ளைப் பொருக்கு தட்டியிருந்தது.

“இது எங்க போவணும் தம்பி?”

“அது சும்மா கம்பி அண்ணாச்சி. கம்பெனிக்காரன் வெயிட்டுக்குப் போட்டுருப்பான். இது இல்லன்னாலும் தண்ணி சுடும்.”

தண்ணி சுடத்தான் செய்தது. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

கணக்கு கேட்டேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து முந்தைய நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்: காயில் 850, கூலி 300. கீழே ஒரு கோடு, 1,150. அந்தத் தாளை என் மனைவி பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தாள். “பில்லுன்னு ஒண்ணு குடுக்க மாட்டாரா?” என்று கேட்டதற்கு, “அவர்கிட்டப் போயி பில்லு கேக்கவா?” என்றேன். கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? நம் ஊரில் பழக்கம் கெட்டுப் போகாமல் இருப்பதற்காகப் பணத்தைக் கெட்டுப் போக விடுவோம்.

ஒரு வருஷம் ஓடியது. 2023 நவம்பர் 18, சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம், கடற்கரையில் சூரன் தலை விழுகிறது, என் குளியலறையில் கீசரின் அடிவயிற்றிலிருந்து பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. சகலை வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, “டீத்தண்ணியுங்களா?” என்றார்.

கம்பெனி ஆள் இந்தத் தடவை வந்தார். திறந்தார், மூடினார். அங்கீகாரம் பெறாதவர் கை வைத்திருக்கிறார், வாரண்டி கிடையாது என்றார். மெக்னீசியக் கம்பியின் மகிமையை எனக்கு உபதேசித்தவர் அவர்தான். மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் கம்பியைப் பற்றிப் பேச விரும்பவில்லை. “டேங்கக் கழத்தி வெல்டு வச்சுரலாம் அண்ணாச்சி. சாமான் ஒண்ணு திருநவேலியிலேருந்து வரணும், நாளைக்கு வாரேன்” என்று கீசரைச் சுவரிலிருந்து இறக்கி, வராந்தாவில் தரையில் வைத்துவிட்டுப் போனார். நாளை என்பது எங்கள் பக்கத்தில் நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டதல்ல. டிசம்பர் பிறந்தது. கீசர் வராந்தாவிலேயே இருந்தது. பால்காரர் அதன்மேல் பால் பாக்கெட்டை வைத்துப் பழகிக்கொண்டார்.

பிறகு டிசம்பர் 17. அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கணக்குத் தீர்த்தது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. ஏறக்குறைய 800 பயணிகள் அங்கே மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டர் வர வேண்டியதாயிற்று. உயிர் போனவர்கள், வீடு போனவர்கள், ஆடு மாடு போனவர்கள் இருக்கிற ஊரில் கீசர் போன கதையைச் சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது நான் கட்டில்மேல் நாற்காலி, நாற்காலிமேல் நான் என்று உட்கார்ந்திருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. கிரைண்டர் கண்ணிலேயே படவில்லை. கீசர் மட்டும், நுரைப் பஞ்சின் புண்ணியத்தில், தெப்பத்தில் சாமி வலம் வருவதுபோல வராந்தாவை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை கம்பீரமாக அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விடிகிற நேரத்தில் கேட்டில் போய் இடித்து, பக்கவாட்டில் சாய்ந்து, முழுகியது.

தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி முடித்து, பீரோ மேல்தட்டில் நனையாமல் இருந்த காகிதங்களைப் புரட்டும்போதுதான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருப்பது தெரியவந்தது. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒன்று இது. நம்மில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் இப்படித்தான் அமைகிறது, பெண் பார்க்காமல் முடிந்த கல்யாணமாக. பாலிசியின் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பாலிசி அது. அதில் ஒரு நல்ல சங்கதி: கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், வீட்டுக்குள் இருக்கும் சாதாரணச் சாமான்களுக்கும் தனிப் பட்டியல் கொடுக்காமலே, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, உச்சபட்சம் 10 லட்சம் வரை, பாதுகாப்பு உண்டு. எனக்கே தெரியாமல் என் கிரைண்டர் இத்தனை நாளும் பாதுகாப்பில் இருந்திருக்கிறது.

எவற்றிலிருந்து பாதுகாப்பு என்ற பட்டியலை உரக்கப் படித்தேன். தீ, இடி, பூகம்பம், எரிமலை, புயல், வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத் தீ, விமானம் வந்து விழுவது, ஏவுகணைச் சோதனை. எரிமலைக்கும் நமக்கும் ரொம்ப தூரம் என்று மனைவி சிரித்தாள். ஏவுகணைக்குச் சிரிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எழுதியவர் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்றாள்.

சர்வேயர் வந்தார். கண்ணியமான மனிதர். ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு, சுவரில் சேறு விட்ட கோட்டுக்கு டேப் பிடித்தார். ஃபிரிட்ஜ், கிரைண்டர், கட்டில், மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டு, எல்லாவற்றையும் படம் எடுத்தார். கடைசியில் குளியலறைச் சுவரில் கீசர் தொங்கிய ஆணிகளைப் பார்த்தார். மறுபடி டேப் பிடித்தார்.

“கீசர் ஏழடி உயரத்துல இருந்திருக்கு. தண்ணி மூணடிதான் ஏறியிருக்கு சார்.”

“ஆமா.”

“ஏழடிக்குத் தண்ணி வந்திருந்தா நீங்க எங்கிட்ட கிளெய்ம் கேக்க இருந்திருக்க மாட்டீங்களே.”

அந்த நேரத்தில் எனக்குள்ளிருந்த அரிச்சந்திரன் விழித்துக்கொண்டார். “கீசர் வராந்தாவில் இருந்தது” என்றேன். ஏன் என்றார். ரிப்பேருக்கு என்றேன். ரிப்பேருக்கு என்ற ஒரே சொல்லை அவர் நோட்டில் எழுதிய வேகத்தில் என் கீசரின் தலையெழுத்து முடிந்தது. பாலிசியின் விலக்குப் பகுதியில் ஒரு வரியையும் காட்டினார். மின்சாதனம் எதுவும் அளவுக்கு மீறி ஓடியதாலோ, ஷார்ட் சர்க்யூட்டாலோ, தானே சூடானதாலோ கெட்டுப் போனால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தானே சூடாவது அதன் குற்றமா? அதற்குத்தானே சார் வாங்கினோம்? சூடாகாத கீசருக்குத்தான் பணம் தருவீர்களோ? அவர் பொறுமையாக, “இந்த வரி வெள்ளத்துக்குப் பொருந்தாது சார். ஆனா கீசர் வெள்ளத்துக்கு முன்னாடியே கெட்டிருந்துச்சுன்னா வெள்ளமும் பொருந்தாது” என்றார். இத்தனை தெளிவாக யாராவது பேசினால் எனக்குச் சண்டை போட வராது.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மற்றச் சாமான்கள் பரிசீலனையில் உள்ளன. கீசரைப் பொறுத்தவரை, அசல் ரசீது, ரிப்பேர் ரசீது, வெள்ளத்துக்கு முன் அது வேலை செய்ததா என்று ரிப்பேர் செய்தவர் எழுதிக் கொடுத்த சான்று, இவை மூன்றும் வேண்டும்.

மெக்கானிக் தம்பியிடம் போனேன். கடையில் வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்கள் வாசல் வரை வரிசை கட்டி நின்றன. அவருக்கு அது அறுவடைக் காலம். ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். யோசித்தார்.

“என்னன்னு எழுத அண்ணாச்சி? ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதுனா, பொறவு ஏன்வே கழத்துனன்னு கேப்பாவ. ஓடலன்னு எழுதுனா, ஒங்களுக்குப் பணம் வராது. ஓடவுமில்ல ஓடாமலுமில்லன்னு எழுதட்டா?”

அத்வைதம் படித்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. “நீர்தான் கம்பியை எடுத்தீர்” என்றேன். “வெள்ளமா கம்பியப் பாத்து வந்துச்சு?” என்றார். வெள்ளம் இல்லாவிட்டால் வெல்டு வைத்திருப்பேன் என்பது அவர் கட்சி. வெல்டு வைக்கும் நிலையில் இருந்ததால்தான் பணம் இல்லை என்பது இன்சூரன்ஸ் கட்சி. கை வைத்ததால்தான் வெல்டு வரைக்கும் போனது என்பது கீசர் கம்பெனியின் கட்சி. கீசர் செத்தது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொன்றது மற்ற இருவரில் ஒருவர் என்பதிலும் ஒற்றுமைதான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் தம்பி மகனிடம் இந்த வேதனையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே ஆறுதல். அங்கே ஜனவரியில் பாய்லர் நின்றுபோனால் வீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். எரிவாயு பாய்லரைத் தொடுகிறவர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லாதவர் தொட்டால் சட்டப்படி குற்றம். பாய்லருக்கென்றே இன்சூரன்ஸ் விற்கிறார்கள். அதிலும் சண்டை வரும். பழைய பாய்லர், வருஷா வருஷம் சர்வீஸ் செய்யவில்லை, உள்ளே சேறு, ஆகவே பணமில்லை என்பார்கள். கம்பெனிக்கு எட்டு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றான். குளிருகிற தேசத்தில் சூட்டுக்காகச் சண்டை போடுவது நியாயம். பெரியப்பா எதற்காகப் போடுகிறார் என்று அவன் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் அண்ணாச்சி இருக்கிறார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாராவது வழக்கோடு வர மாட்டார்களா என்று திண்ணையில் காத்திருப்பவர். நான் போய் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

“எட்டு வாரமா? நமக்கு ஒரு மாசம்தான் வே” என்றார், இங்கிலாந்தை ஜெயித்த தோரணையில். இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னையிலிருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 2017 விதிகள். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளைக் கேட்பார். என் கீசர் அந்த வரம்பைத் தாண்டாது என்று நான் உறுதியளித்தேன்.

இல்லாத காகிதத்தைக் கேட்டு இழுத்தடிக்க முடியாது என்பதற்கு அவர் ஒரு தீர்ப்பையும் எடுத்துவிட்டார். லாரி திருட்டுப் போனவரிடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஆர்.சி. புத்தகத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டது. வண்டி திருட்டுப் போனதாகப் பதிவாகியிருப்பதால் நகல் தர முடியாது என்றது போக்குவரத்து அலுவலகம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, பி.வி.நாகரத்னா அமர்வு, பாலிசிதாரரால் கொண்டுவரவே முடியாத ஆவணத்தைக் கேட்டுப் பணத்தை மறுக்கக் கூடாது என்று சொல்லி, 12 லட்சம் ரூபாயை வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டது. நான் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, என் கிரைண்டருக்காகவும் ஃபிரிட்ஜுக்காகவும், அவற்றின் ரசீதுகள் சேற்றோடு போன வரலாற்றைச் சொல்லி, நாலு பக்கம் எழுதினேன். கீசருக்கு மட்டும் ஆறு பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கண்டதும் மிஷினை ஆன் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டை, இவற்றுக்கான செலவைத் தனி நோட்டில் எழுதி வந்தேன். ஒரு கட்டத்தில் அந்த நோட்டை மனைவி ஒளித்துவைத்துவிட்டாள். அந்தத் தொகை புதுக் கீசரின் விலையை நெருங்குவது என் உடம்புக்கு ஆகாது என்று நினைத்திருக்கிறாள்.

பணம் வந்தது. ஃபிரிட்ஜ், கிரைண்டர், மெத்தை, கட்டில் என்று வரிசையாக வங்கிக் கணக்கில் ஏறியது. நான் நினைத்ததைவிடக் கௌரவமான தொகை. கீசருக்கு நேரே ஒரு சிறு கோடு. சென்னைக்கு எழுதட்டுமா என்று சிரஸ்தாரைக் கேட்டேன். “கீசர் வெள்ளத்துக்கு மொத நாளு வெந்நி குடுத்துச்சான்னு அங்க கேட்டா என்ன சொல்லுவீரு?” என்றார். பால் பாக்கெட் தாங்கியது என்று சொல்லலாம். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

சிரஸ்தார் அதற்குள் இரண்டாவது கோப்பைத் திறந்துவிட்டார். எதிரி: மெக்கானிக். 2020 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்த வேலையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குடியிருக்கும் ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷக் கெடு. ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தேஜஸ். பொருளில் குறை என்று சொன்னால் ஆணையம் அதை முத்திரை வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் செய்யலாம். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் மனுதாரர் கட்ட வேண்டும். வராந்தா மூலையில் சேறு காய்ந்து கிடந்த கீசரை அரக்கு முத்திரையோடு கற்பனை செய்து பார்த்தேன். பால்காரர் வருத்தப்படுவார்.

“ஆதாரம்?” என்றார். பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து நாள்காட்டித் தாள் வந்தது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், பின்பக்கம் 1,150. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பேரு இல்ல, கையெழுத்து இல்ல. தேதி இருக்கு, அதுவும் சிவகாசிக்காரன் போட்டது” என்றார். இருந்தாலும் ஒரு நோட்டீஸ் எழுதினார். ‘மேற்படி மெக்னீசியக் கம்பியை வேண்டுமென்றே அகற்றி’ என்று ஒரு வாக்கியம் பதினோரு வரி ஓடியது. படித்தபோது எனக்கே மெக்கானிக் மேல் பயம் வந்தது.

நோட்டீஸ் போன பிறகு அவர் என் வீட்டுத் தெரு வழியாக வருவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் மோட்டார் பழுதானது. அவரைக் கூப்பிட முடியாது. வேறு ஆள் வந்து, “யாரு கடைசியா கை வச்சது? நல்லா பண்ணிருக்காரே” என்று பாராட்டிவிட்டு இரண்டு மடங்கு கூலி வாங்கினார். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை. கோயிலில் ஒரு நாள், சண்முக விலாச மண்டபத்தின் பக்கம், மெக்கானிக்கும் நானும் நேருக்கு நேர் வந்துவிட்டோம். இருவரும் ஒரே தூணைக் கவனமாகப் பார்த்தோம்.

2024 மே, வைகாசி விசாகம் முடிந்த கையோடு அவரே வந்தார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் கையில். மனைவி, மோட்டார் விஷயம் நினைவுக்கு வந்தோ என்னவோ, எனக்குக்கூடக் கிடைக்காத பதத்தில் காபி போட்டுக் கொடுத்தாள். எதிர் திண்ணையில் சிரஸ்தார் எழுந்து நின்று காது கொடுத்தார்.

“எம் மவன் காலேஜுல இதத்தான் படிக்கான் அண்ணாச்சி. கம்பி இருந்தாத்தான் டேங்கு நிக்கும்னு சொல்லுதான். எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான.” சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது எடுத்து டீப்பாயில் வைத்தார். “காயிலு, கூலி. கோர்ட்டு கீர்ட்டுன்னு வேண்டாம்.”

வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர் திண்ணையிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. வாங்கிக்கொண்டேன். அந்த அவமானத்தை மறைக்க, புதுக் கீசர் வாங்கப் போவதாகவும் அவரே வந்து மாட்ட வேண்டும் என்றும் சொன்னேன். எதுக்கு அண்ணாச்சி இந்த வெயிலுக்கு என்றார். சகலை வருகிறார் என்றேன். புரிந்துகொண்டு தலையாட்டினார்.

கிளம்புவார் என்று எழுந்தேன். அவர் எழவில்லை.

“ஒரு பில்லு போட்டுத் தாங்க.”

“என்னது?”

“நான் ஆயிரத்தி நூத்தி அம்பது குடுத்தேன்லா, வாங்கிக்கிட்டேன்னு எழுதித் தாங்க. நோட்டீசுல ஒங்க ஆளு அப்படித்தான எழுதியிருக்காரு, பில்லு குடுக்காம இருக்கது குத்தம்னு?”

வீட்டில் வெள்ளைத் தாள் இல்லை. இருந்ததெல்லாம் மனுவாகிப் போயிருந்தது. சுவரிலிருந்து நாள்காட்டித் தாளைக் கிழிக்கப் போனேன். “அது வேண்டாம் அண்ணாச்சி, செல்லாதுன்னு சொல்லுதாவ” என்றவர், தன் பையிலிருந்து புத்தம் புதிய பில் புத்தகம் ஒன்றை எடுத்தார். கடைப் பெயர், முகவரி, வரிசை எண் எல்லாம் அச்சிட்டிருந்தது. முதல் பக்கத்தில் கார்பன் வைத்து என் பக்கம் திருப்பினார்.

“பேரு முழுசா எழுதுங்க. கையெழுத்து ரெண்டுலயும் விழணும், அமுத்திப் போடுங்க.”